எதற்காக அனுப்புகிறீர்கள்?

ஜனவரி 9

அக்கா,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வங்கிக் கணக்கை மூடிவிட்டார்கள். சம்பளக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, அதோடு ஒட்டியிருந்த கிரெடிட் கார்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில்.

போன வாரம் கடையில் சோப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கார்டை நீட்டினேன். மெஷின் கீச்சென்றது. கடைக்காரர் கார்டைச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டார். மறுபடி கீச். பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். சோப்பைத் திருப்பி வைத்துவிட்டு, ரொட்டிக்கு மட்டும் சில்லறை பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் கடிதம் வந்தது. இரண்டே வரி. "தங்களுடனான உறவை முடித்துக்கொள்ளத் தீர்மானித்துள்ளோம். காரணம் தெரிவிக்க இயலாது." விவாகரத்துக்குக்கூட இதைவிட நாலு வரி அதிகம் எழுதுவார்கள். கூடவே மீதிப் பணத்துக்கு ஒரு காசோலை. அதைப் போடுவதற்கு எனக்குக் கணக்கு இல்லை.

கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் நல்லவன்தான். எனக்குத் தெரிந்த இந்த ஊர் பாஷையில் கேட்டேன்.

"ஏம்ப்பா மூடினீங்க?"

"தெரியாது சார்."

"யாருக்குத் தெரியும்?"

"தலைமை ஆபீசுக்கு சார்."

"அவங்க நம்பரைக் குடு."

"அவங்க போன் எடுக்க மாட்டாங்க சார்."

போன் பில்லும் அந்தக் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அதனால் போனும் செத்துவிட்டது. லிஃப்ட் கம்பெனி கொடுத்த போன், லிஃப்டில் யாராவது சிக்கிக்கொண்டால் பேச மட்டும். ஞாயிற்றுக்கிழமை, என்னோடு அறையில் தங்கியிருக்கும் சமையல்காரரின் போனை ஐந்து நிமிடம் வாங்கிக் கூப்பிடுகிறேன். அந்த ஐந்து நிமிடமும் குண்டுவுக்கு. உனக்குக் கடிதம்தான்.

பயம் என்னவென்றால் வீடு. நான் லிஃப்ட் பொருத்திக்கொண்டிருக்கிற புதுக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு வீடு பேசி வைத்திருக்கிறேன் என்று சொன்னேனே, எதிரிலேயே பள்ளிக்கூடம். வாடகைக் கம்பெனிக்காரர்கள் வாடகையை என் பெயரில் உள்ள கிரெடிட் கார்டிலிருந்துதான் எடுப்பார்கள். கார்டு இல்லாதவனுக்கு வீடு இல்லை. மே கடைசி வரை பிடித்து வைக்கிறோம் என்று அவர்கள் மேனேஜர் சொன்னார். அதற்குள் ஒரு கார்டு வாங்கியாக வேண்டும். குண்டுவின் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமாக என் மகளை நீ வளர்க்கிறாய். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் என்னோடு இருக்க வேண்டும்.

அவளுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது? இந்த மாத மருந்துப் பணத்தை உங்கள் பக்கம் வரும் லாரி டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தான் சௌக்கியமா?

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு அக்கா எழுதுவது.

சின்ன வயதில் கணக்கில் முட்டை வாங்கினாய். இப்போது கணக்கே இல்லை என்கிறாய். சிரிப்பு வரவில்லை என்றாலும் எழுதிவிட்டேன். நீ சோப்பைத் திருப்பி வைத்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். டிரைவர் வந்தார், பணம் கொடுத்தார். இனிமேல் அனுப்பாதே. நான் கண்ணாடிக் கடையில் சம்பாதிப்பது எதற்கு? ஒரு குழந்தைக்கு மருந்து வாங்க முடியாதவளா நான்?

குண்டு நன்றாக இருக்கிறாள். பிறந்தபோது பார்த்து வைத்த பேர், இப்போது பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்துவிட்டாள். மழை வந்தால் இழுக்கிறது, பம்ப் இரண்டு அடித்தால் சரியாகிவிடுகிறது. கடைக்கு வந்தால் பழைய பிரேம்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று எல்லோரையும் மிரட்டுகிறாள். நேற்று ஒரு வாடிக்கையாளரிடம், "இது உங்க மூக்குக்குச் சரிவராது" என்று சொல்லி, அந்த ஆள் வாங்காமல் போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நீ ஏதாவது தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டாயா? யாருக்காவது ஜாமீன் நின்றாயா? நீ இரக்கப்பட்டு ஏமாறுகிற ஆள், அதனால் கேட்கிறேன். இங்கே எங்களை எந்த வங்கியிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. ஜூன்தான் என்று ஏன் தலைகீழாக நிற்கிறாய்? ஒரு வருடம் கழித்து அவள் வந்தால் என்ன குறைந்துவிடும்? நீ ஷிப்டில் போய்விட்டால் பள்ளி விட்டு வருகிறவளுக்கு யார் கதவைத் திறப்பார்கள்? யோசித்துப் பார்.

உன் அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

யோசித்தேன். கதவைத் திறக்க நான் இருப்பேன். காலை ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பேச்சை விடு.

கார்டு கதையைக் கேள். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். சமையல்காரரின் போனிலேயே. பெயர், பிறந்த தேதி, சம்பளம் எல்லாம் போட்டு அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். சிவப்பு. அடுத்தது. சிவப்பு. நான்காவதில் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டேன், அதற்கும் அதே சிவப்பு. தேதியைக்கூடப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்.

பிறகு பஸ் நிலையத்துக்கு மேலே, செருப்புக் கடை மாடியில் ஒரு சின்ன வங்கி இருப்பதாக டிரைவர் சொன்னார். நாலே மேஜை. மேனேஜர் அம்மா என் காகிதங்களை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். இத்தனை வாரத்தில் என் காகிதத்தைப் படித்த முதல் மனுஷி அவர்தான்.

"சார், ஒரே வாரத்துல அஞ்சு எடத்துல கேட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணும் உங்க பேர்ல பதிவாயிடும். பாக்குறவங்களுக்கு ஏதோ தலைமறைவாப் போற ஆள் மாதிரி தெரியும்."

"தெரியாம செஞ்சுட்டேம்மா. இப்ப என்ன செய்யட்டும்?"

"மூணு மாசம் கையக் கட்டிக்கிட்டு இருங்க. ஒரு சாதாரணக் கணக்கு மட்டும் தொறந்து தர்றேன். அப்புறம் வாங்க, கார்டைப் பத்திப் பேசலாம். அதுக்குள்ள உங்க மேல என்ன எழுதி வெச்சிருக்காங்கன்னு அறிக்கை கேட்டு வாங்கிப் பாருங்க."

கேட்டு வாங்கினேன். வங்கிகள் எல்லாம் சேர்ந்து பார்க்கிற பட்டியலில் என் பேர் இருக்கிறது. எதிரே எழுதியிருக்கிறது: "வங்கியே மூடியது. வகை: பாதுகாப்பு." அவ்வளவுதான். நான் யாருடைய பாதுகாப்பைக் கெடுத்தேன் அக்கா? நாள் முழுக்க நாற்பது மாடி லிஃப்ட் கயிற்றைச் சோதித்துப் பார்த்து ஜனங்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குகிறவன் நான்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்றுதான் மாட்டுகிறது. இரண்டு வருடம் முன்பு அத்தான் மூன்று பழைய ஃப்ரிட்ஜ் விற்றாரே. "என் கணக்குல ஏதோ கோளாறு, உன் கணக்குல போடச் சொல்றேன், எடுத்து அனுப்பு" என்றார். யார் போட்டது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அத்தான் கேட்கிறாரே என்று செய்தேன். அன்றைக்கு அவர் கணக்கில் என்ன கோளாறு என்று நீயாவது கேட்டாயா? அவர் சுத்தமாக இருக்கிறார், என் பேர் பட்டியலில் இருக்கிறது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இருந்தால் வெடித்துவிடுவேன்.

தம்பி


பிப்ரவரி 27

உன் கடிதத்தைப் படித்தேன். அவரும் படித்தார். நான் கொடுக்கவில்லை, மேஜைமேல் இருந்தது.

நீ வேலைக்குப் போன முதல் நாள் போட்டுக்கொண்ட சட்டை யார் வாங்கிக் கொடுத்தது? உன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் வராந்தாவில் படுத்துக் கிடந்தது யார்? உன் மகள் இழுப்பு வந்து முழித்துக்கொண்டால் அவள் தேடுவது என்னைக்கூட இல்லை, "மாமா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த மனுஷனைப் போய்த் திருட்டுப் பணம் கைமாற்றினவர் என்று எழுதியிருக்கிறாய்.

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அவன் கணக்குல போட்டதுக்கு ரசீது, நம்ம கணக்குல வந்தது எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நாளைக்கு பேங்குக்குப் போறேன். நான் தப்பு செஞ்சிருந்தா எனக்கும் தெரியணும்" என்றார். ஒரு ஃப்ரிட்ஜைக்கூட நல்லது என்று பொய் சொல்லி விற்கத் தெரியாதவர்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். உன்னோடு பேச எனக்கு ஒன்றுமில்லை.


மார்ச் 12

தம்பி,

பேச ஒன்றுமில்லை என்று எழுதினேன். இப்போது பேசியே ஆக வேண்டும். இதை உட்கார்ந்துகொண்டு படி.

வங்கிக்கு நானும் கூடப் போனேன். எங்கள் கிளை மேனேஜர் வயதானவர், நம் மொழிக்காரர். அவர் முதலில் அத்தானுடைய ஃப்ரிட்ஜ் பணத்தைப் பார்த்தார். ஒரு ஹோட்டல்காரர் உன் கணக்கில் போட்டது, ரசீதும் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. அத்தானுடைய பெயரை அந்த வருடம் தப்பாகப் பதிந்துவிட்டு இவர்களே திருத்தியிருக்கிறார்கள், கோளாறு அவ்வளவுதான். பிறகு நீ எனக்கு மாதா மாதம் அனுப்பியதை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்த்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும்மா இந்தக் குண்டு?"

"என் தம்பி மக சார். எட்டு வயசு."

"இங்க வந்து பாருங்க."

பணம் அனுப்பும்போது உன் போனில் ஒரு கட்டம் வருமே, "எதற்காக அனுப்புகிறீர்கள்?" என்று. அதில் நம் எழுத்திலேயே எழுதலாம் என்று வந்ததிலிருந்து நீ எழுதி வந்திருக்கிறாய். காகிதத்தில் அச்சாகி இருக்கிறது. நான் அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

குண்டு மருந்து.
குண்டு மருந்து.
குண்டு ஸ்கூல்.
குண்டு மருந்து, அவசரம்.
குண்டு பஸ்.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அத்தான்தான் முதலில் புரிந்துகொண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மேனேஜர் சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் படிச்சா ஒரு புள்ளைக்கு இழுப்பு மருந்துன்னு தெரியுது. அவனோட வங்கியில நம்ம பாஷை தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க. மெஷின்தான் படிச்சுச் சொல்லும். மெஷினுக்குக் குண்டுன்னா எது தெரியும்? மருந்துன்னா அதுக்கு எந்த மருந்து தெரியும்? பஸ்ஸு வேற போட்டிருக்காரு."

"அப்ப இதனாலதான் மூடினாங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்ல மாட்டேம்மா. அவங்களும் சொல்ல மாட்டாங்க. ஆனா வேற எதுவும் இதுல இல்ல."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டோம். அத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி அவன், அந்தப் புள்ளையை ஆசையாக் கூப்பிட்டுருக்கான், அவ்வளவுதானே" என்றார். நீ அவருக்கு என்ன எழுதுவாயோ எழுது. இந்தக் காகிதங்களின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். போய்க் காட்டு. குண்டுவின் பள்ளி அடையாள அட்டை, டாக்டர் சீட்டு, எல்லாம் வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 26

அக்கா, அத்தான்,

அத்தானுக்கு முதலில். நீங்கள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் தேவலாம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. மன்னித்துவிடுங்கள். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அக்கா, நீ அனுப்பிய காகிதங்களை எடுத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பழைய வங்கிக்குப் போனேன். ஆதாரம் கையில் இருக்கிறது, இனி என்ன என்று ஒரு தெம்பு. அதே பையன் இல்லை. புதிதாக ஒரு பெண். நம் மொழி தெரியாது. கணக்கு மூடியதைச் சொன்னேன். காரணம் தெரிந்துவிட்டது, ஒரு வார்த்தையால் வந்த குழப்பம் என்றேன். "என்ன வார்த்தை?" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று விளக்க வேண்டுமானால், இரண்டாவது அர்த்தத்தை அவள் மொழியில் நான் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். வங்கிக்குள் நின்றுகொண்டு. மெதுவாகத்தான் சொன்னேன். குழந்தையின் படத்தைக் காட்டிக்கொண்டே சொன்னேன். "நீங்கள் வெடிகுண்டு என்று நினைத்தது இவளைத்தான்" என்று. அவள் முகம் வெளுத்துவிட்டது. மேஜைக்கடியில் இருந்த அவசர மணிக்குக் கை போனதைப் பார்த்தேன். நான் இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாகச் சொன்னால் புரியும் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை சொன்னேன். இப்படி ஒரு மடையன் உண்டா?

காவலாளி என் முழங்கையைப் பிடித்தார். வரிசையில் நின்றவர்களை வெளியே அனுப்பினார்கள். என் கருவிப் பையைத் திறந்து ஸ்பேனரையும் கிரீஸ் டப்பாவையும் தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். போலீஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், டாக்டர் சீட்டைப் பார்த்தார், குண்டுவின் படத்தைப் பார்த்தார், "ஒல்லியாத்தானே இருக்கா?" என்றார். பிறந்தபோது குண்டாக இருந்தாள் சார் என்றேன். விட்டுவிட்டார். வங்கி மட்டும் இனிமேல் கிளைக்குள்ளேயே வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. எழுத்தில் புகார் செய்தேன், அதுவும் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது.

உண்மை தெரியாதவரை கோபமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? கேட்க ஆள் இல்லாத இடத்தில் உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் விரலால் நானே எழுதி என் தலையில் நானே போட்டுக்கொண்டேன். ஒன்றுதான் உறுத்துகிறது. இவ்வளவு பெரிய சந்தேகம் வந்தவர்கள், மூடுவதற்கு முன்னால் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அனுப்பியவனை வேண்டாம், வாங்கியவர்களையாவது?

தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

கேட்டார்கள்.

இதை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உன்னைப் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்தார்கள் என்று படித்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

டிசம்பர் பதினொன்று, பகல். கடையில் ஒருவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஒரு பெண், நம் மொழியைத் தடுமாறித் தடுமாறிப் பேசினாள். உன் வங்கியின் பேரைச் சொன்னாள். உன் முழுப் பேரைச் சொன்னாள். "இவர் உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். இவர் உங்களுக்கு யார்? எதற்காக அனுப்புகிறார்?" என்று கேட்டாள்.

நான் "எனக்கு அப்படி யாரையும் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வங்கி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நிறைய, எதுவும் சொல்லாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே இத்தனை மாதம் சொல்லிக்கொண்டேன். அத்தானிடம்கூட அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஏமாற்றுகிறவர்கள் ஏ.டி.எம். பின் நம்பர் கேட்பார்கள், அவள் கேட்கவில்லை. தேதியும் தொகையும் சரியாகச் சொன்னாள். அது நிஜமான போன்தான் என்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. மறுநாள் அதே நம்பரிலிருந்து மறுபடி வந்தது. அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நீ கூப்பிட்டு, வீடு கிடைத்துவிட்டது, ஜூனில் குண்டுவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாய். நான் "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அப்புறம் உள்ளே போய் அவளுடைய துணிகளை எடுத்து மடித்தேன். மடித்து முடித்து, கலைத்து, மறுபடி மடித்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதை நாங்கள் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது. அவள் வந்த பிறகு பேசத் தேவையும் இல்லாமல் போனது.

கணக்கை மூடுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பணம் கொஞ்ச நாள் நின்றுபோகும், நீ வருவது கொஞ்சம் தள்ளிப்போகும் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். இல்லை என்று எழுத முடியவில்லை. உன் ஜனவரிக் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். யாரும் கூப்பிடவில்லை என்று, நீ கேட்காமலே எழுதினேன். நீ அத்தானைச் சந்தேகப்பட்டபோது அவருக்காக அவ்வளவு கோபப்பட்டேனே, அந்தக் கோபத்தில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டியது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


மே 2

தம்பி,

நாலு வாரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாய், அவளோடு பேசுகிறாய், வைத்துவிடுகிறாய். போன வாரம் அவள் என்னைக் கேட்டாள், "அத்தை, அப்பா ஏன் உங்கிட்ட பேச மாட்டேங்குறாரு?" என்று. சிக்னல் சரியில்லை என்றேன். "என்கிட்ட பேசும்போது மட்டும் எப்படி சிக்னல் வருது?" என்றாள். எட்டு வயதுக்கு இவ்வளவு கேள்வி ஆகாது.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தானே சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள், "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப அவன் என்ன சொல்றானோ அதுதான்" என்றார்.

இங்கே பள்ளியில் அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுக்க ஜூன் ஒன்று கடைசி. படிவத்தை வாங்கி வந்து நிரப்பாமல் வைத்திருக்கிறேன். நான் என் இஷ்டத்துக்கு ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டேன். கார்டு என்ன ஆயிற்று? வீடு இன்னும் இருக்கிறதா? ஒரே ஒரு வரி போடு.

அக்கா


மே 17

அக்கா,

என் கோபம் போகவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. பழைய பில் பாக்கியெல்லாம் கட்டி முடித்ததில் போன் இணைப்பு போன வாரமே திரும்ப வந்துவிட்டது. இருந்தும் உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் அவள் நிற்பாள். அதனால் இதையும் எழுதுகிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்தை லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து படித்தேன். மேலே ஒரு பிளம்பர் பாடிக்கொண்டே குழாய் வெட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு அப்படி யாரையும் தெரியாது." இந்த வரியைத் தாண்டி நான் அன்றைக்குப் படிக்கவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். துணி மடித்ததைப் படித்தபோது உன்மேல் இரக்கம் வந்தது. அது வந்ததற்காகவும் எரிச்சல் வந்தது. அம்மா போன பிறகு எனக்குத் தலை துவட்டிவிட்டவள் நீ. அதை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு உன்னை வெறுக்க முயற்சி செய்து பார்த்தேன். அதுவும் வரவில்லை. என் கையில் எதுதான் இருக்கிறது சொல்.

மூன்று மாதம் முடிந்து செருப்புக் கடை மாடிக்குப் போனேன். மேனேஜர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வார்த்தையின் இரண்டாவது அர்த்தத்தை மட்டும் வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தன் மகனை வீட்டில் பூனை என்று கூப்பிடுவார்களாம். கையிலிருக்கும் சேமிப்பை டெபாசிட்டாகப் போட்டு, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு தர முடியும் என்றார். சின்னக் கார்டுதான், வாடகைக்குப் போதும். வாடகைக் கம்பெனியும் சரி என்றுவிட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் கார்டு எண் கொடுத்தால் வீடு எனக்கு. இல்லையென்றால் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு.

எல்லாக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

"உங்க பேர் அந்தப் பட்டியல்ல இருக்கிறதால நான் மட்டும் கையெழுத்துப் போட்டா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க சார். அந்தப் பணத்தை வாங்கினவங்க வாயால சொல்லணும். எங்க ஆளுங்க கூப்பிடுவாங்க, பேசுறது பதிவாகும்."

"என் அத்தான் சொன்னா ஆகாதாம்மா?"

"யார் கணக்குக்குப் போச்சோ அவங்கதான் சார். ஒரே தடவைதான் கூப்பிடுவாங்க. எடுக்கலைன்னா, இல்ல தெரியாதுன்னு சொல்லிட்டா, விண்ணப்பம் மூடிடும். மறுபடி ஒரு வருஷம் கேக்க முடியாது."

படிவத்தில் உன் நம்பரை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. மேனேஜர் அம்மா, "நம்பர் மறந்துடுச்சா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் எழுதினேன்.

மே இருபத்தெட்டு, வியாழக்கிழமை, காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள். அன்றைக்குக் கடைக்கு லீவு போடுவாயோ, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாயோ, உன் இஷ்டம். என்னைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பதில் உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. என் வீடும் என் மகளும் அந்தப் பதிலில் இருக்கிறார்கள். உனக்கு அவள் எவ்வளவு வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் உன் பேரைக் கேட்பார்கள். அடுத்து, என் பேரைச் சொல்லி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள்.

எடு, அக்கா.

தம்பி